இருக்கிறேன் என்ற பிரிண்டர்

கல்லூரியின் யூனிக்ஸ் சர்வரிலிருந்து பிரிண்டரை நெட்வொர்க்கில் கூப்பிட்டால் இருக்கிறேன் என்று பதில் வந்தது. ஹால் டிக்கெட்டை அடி என்றால் இணைப்பு மறுக்கப்பட்டது. பரீட்சைக்குப் போக வேண்டிய பிள்ளைகள் வெளியே நின்று ஜன்னலைத் தட்டினார்கள். "இதுக்குத்தான் படிச்ச குடும்பத்துல ஆள் எடுக்கணும்கறது," என்றார் கண்காணிப்பாளர் தணிகைவேலன், தன் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். வந்த ஆத்திரத்தில் பிரிண்டரின் பிளக்கையே பிடுங்கிவிட்டு மறுபடி கூப்பிட்டேன். அப்போதும் இருக்கிறேன் என்றது. செத்த பிரிண்டர் பேசுமா? அதன் நெட்வொர்க் நம்பரில் வேறு எதுவோ உட்கார்ந்துகொண்டு பதில் சொல்கிறது.

"சார், உங்க லேப்டாப்போட நெட்வொர்க் நம்பரை மாத்துனீங்களா?"

"நேத்துதான். கடைசில இருபத்தேழு வெச்சேன். கூட்டுனா ஒன்பது, என் ராசி எண்."

"அது பிரிண்டரோட நம்பர் சார். விட்டுக் குடுங்க."

"மெஷினுக்கு எதுக்கும்மா ராசி? அதுக்கு எட்டைக் குடு."

"பரீட்சைக்கு மணி அடிக்கப் போறாங்க சார்."

"அது உன் பாடு."

பிரிண்டரின் பிளக்கைச் செருகினேன். அவருடைய லேப்டாப்பிலிருந்து நெட்வொர்க் வயரை உருவினேன். பிரிண்டர் முனகியது. முதல் ஹால் டிக்கெட் சூடாகத் தலையை நீட்டியது. தணிகைவேலன் எழுந்து நின்றார்.

"மரியாதையா அதைத் திரும்பச் செருகு."

வயரை விரலில் சுற்றிக்கொண்டு, முதல் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டேன்.