கடைசி முடிச்சு

வீட்டுக்கு ஓடப் பார்க்கும் புதுப் பிள்ளைகளுக்காக எல்கேஜி ஆசிரியை ஹெப்சிபா ஒரு நீளக் கயிற்றில் ஆளுக்கொரு முடிச்சுப் போட்டிருந்தாள். கழிப்பறைக்குப் போய் வரும்போது யாரும் முடிச்சை விடக் கூடாது. கடைசி முடிச்சு இன்பனுக்கு. அவன் இரண்டு முறை இழுத்தால் எல்லோரும் வந்தாயிற்று என்று அர்த்தம். அன்றும் வராந்தாவில் திரும்பியதும் கயிறு இரண்டு முறை இழுபட்டது. “சமத்துடா இன்பா” என்றபடி வகுப்புக் கதவைத் திறந்தாள்.

கழிப்பறையிலிருந்து இன்பனின் குரல் கேட்டது. “மிஸ், ஆயிடுச்சு. கழுவி விடுங்க.”

ஹெப்சிபா அசையவில்லை. கயிறு தொய்யவும் இல்லை. அதன் கடைசி முனை திருப்பத்துக்கு அப்பால் இருந்தது. காலையிலிருந்து அழுதுகொண்டிருந்த சஃப்ரின்தான் இன்பனுக்கு முன்னால் நடப்பவள். அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அழுகை நின்றது.

“மிஸ், இது யாரு?”

கயிறு மறுபடி இரண்டு முறை இழுபட்டது.