இரண்டு பொட்டு

கல்யாணமானதும் சிபியும் நிவேதாவும் ஆளுக்கொன்று வைத்திருந்த, திரையில் படத்தை வேகமாக ஓட்டும் கிராபிக்ஸ் கார்டுகளை ஒரே கம்ப்யூட்டரில் பொருத்தினார்கள். நன்றாகத்தான் ஓடியது. ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து கம்ப்யூட்டர் விளையாட்டில் நிவேதாவின் குதிரை நொண்டியது. ஒரு காலைத் தூக்கி, யோசித்து, பிறகுதான் கீழே வைத்தது.

"உன் கார்டுதான் இழுக்குது" என்றான் சிபி.

"தனியா இருந்தப்ப பறந்த கார்டு அது" என்றாள்.

கார்டை இயக்கும் டிரைவர் சாஃப்ட்வேரை மாற்றிப் பார்த்தார்கள். இருவருக்குள்ளும் பேச்சு குறைந்தது. கடைசியில் சிபி டார்ச்சோடு கம்ப்யூட்டரின் பின்னால் தலையை விட்டான். இரண்டு கார்டிலும் மானிட்டர் ஒயர் சொருகும் இடத்தில் ரப்பர் மூடி இருந்தது; மூடிமேல் அவள் பூஜையன்று வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. அன்று பூஜைக்குத் துடைக்கக் கழற்றிய ஒயரைத் திரும்பச் சொருகியவன் அவன்தான். பொட்டை அழிக்க மனம் வராமல், மேலே மதர்போர்டில் காலியாக இருந்த துளையில் சொருகியிருந்தான். படம் கார்டு வழியாக வராமல், இத்தனை நாளும் இரண்டு கார்டுமே சும்மா இருந்திருக்கின்றன.

விஷயத்தைச் சொன்னதும் நிவேதா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அவன் ஒரு மூடியைக் கழற்றி ஒயரை மாற்றினான். குதிரை ஒரே தாவில் ஆற்றைத் தாண்டியது.

"யார் கார்டு பொட்டை எடுத்த?" திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

சிபி குங்குமம் ஒட்டிய விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "முன்னாடி வேலி வருது, தாண்டு."