பதிவேட்டில் இல்லாத பெயர்

சுரங்கத்துக்குள் பாறை சரிந்து அன்றோடு ஐந்து நாள். பட்டம்மாளின் புருஷன் துரைக்கண்ணு அதற்கடியில் செத்துக் கிடந்தான். பாறை சரிந்த மறுநாளே வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டது. கூரைக்கு மரமுட்டுக் கொடுக்காமல் இனி ஒருவரும் இறங்குவதில்லை என்று தொழிலாளிகள் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். கீழே ஆபத்து எதுவும் இல்லை என்று கம்பெனி நோட்டீஸ் ஒட்டியது. பட்டம்மாளால் மட்டும் உட்கார முடியவில்லை. இரும்புக் கேட்டுக்கும் வேப்பமரத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். ஐந்தாம் நாள் காலை மேஸ்திரி வேதநாயகம் கேட்டுக்கு வந்து, "பத்துப் பேரு ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டு வேலைக்கு எறங்கட்டும். மொதல்ல பொணத்த எடுத்துக் குடுத்துடுறோம்" என்றார். பத்துப் பேர் இறங்கினால் நாளைக்கு எல்லோரும் இறங்கவேண்டியதுதான். ஆனாலும் துரைக்கண்ணுவோடு ஜோடியாக வேலை பார்த்த ஏசடியான் எழுந்து அவளிடம் வந்தான். "நீ ஒரு வார்த்த சொல்லுக்கா. நாங்க எறங்குறோம்." அவன் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேஸ்திரியிடம் சொன்னாள்: "நான் எறங்குறேன். என் பேரு ஒங்க ரிஜிஸ்டர்ல இல்ல. என் புருஷன நானே தோண்டி எடுத்துக்கிறேன்." மேஸ்திரி பதறிப்போனார். "பைத்தியமாம்மா ஒனக்கு? மேல பாறை இப்பவோ அப்பவோன்னு நிக்குது. உசுரோட திரும்ப மாட்ட." சொல்லி முடித்த பிறகுதான் அது அவருக்கே காதில் விழுந்தது. வாசலில் இருந்த நானூறு பேரும் அவரையே பார்த்தார்கள். ஏசடியான் திரும்பிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தான். பட்டம்மாள் கம்பியை விடவில்லை. "கேட்டத் தெறங்க, மேஸ்திரி" என்றாள்.