காலை எட்டு மணிக்கு வருகிறவன்

ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு ஆளுக்கொரு டேப்லட் கணினி கொடுத்தனுப்பினார்கள். தினமும் காலை எட்டு மணிக்கு அது மணியடித்து, எங்கே வலி, எவ்வளவு வலி என்று கேட்கும். அந்தக் கேள்விகளை உருவாக்கியவன் நான்தான். என் மனைவி மரகதவல்லிக்கும் ஒன்று வந்தது. நாற்பது வருஷமாக என்னிடம் "ஒண்ணுமில்ல" என்று மட்டுமே சொன்னவள், அதனிடம் முழங்காலில் முள் குத்துவதையும் ஏழாம் படியில் மூச்சு முட்டுவதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். பூரிப்பில் அதன் திரை சிவந்ததை நானே பார்த்தேன்.

"அது கேக்கறதெல்லாம் நான் எழுதினதுதான்டி."

"எழுதினது நீங்க. கேட்டது அதுதானே."

வயிறு எரிந்தது. மறுநாளே யாரிடமும் சொல்லாமல் இன்னொரு கேள்வியைச் சேர்த்தேன்: 'இதையெல்லாம் உங்கள் கணவரிடம் சொல்ல விருப்பமா?' ஆம், இல்லை, பிறகு நினைவூட்டு என்று மூன்று பொத்தான்கள். வட்டாரத்தில் முந்நூறு பெண்கள் ஒரே காலையில் 'இல்லை'யை அழுத்தியதில் எல்லாத் திரைகளிலும் அந்தப் பொத்தான் தேய்ந்தே போய்விட்டது. மரகதம் மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வெகுநேரம் யோசித்து, மூன்றாவதை அழுத்தினாள்.

இப்போதெல்லாம் ஏழரைக்கே தலைவாரி, சட்டை மாற்றிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன்.