எட்டாம் நம்பர் காம்பரா

“தாலியறுத்தவளுக்கா எட்டாம் நம்பர்? உங்க மனசு என்ன கல்லா, கணக்கப்பிள்ளை ஐயா?”

இராமையா போட்ட சத்தத்தில் பசறை பஸ் நடு வளைவில் நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போனதாம். அவ்வளவு இரக்கம்.

கணக்கப்பிள்ளை கணபதி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு நின்றார்.

எழுபதாம் வருசம் தேயிலைத் தோட்டத்தில் ஒரே கூரையின்கீழ் வரிசையாகப் புது லயம் கட்டினார்கள். பன்னிரண்டு காம்பரா, அறைக்கொன்றாகப் பன்னிரண்டு குடும்பம். கொத்தனாருக்கு அளவு பிசகியதில் ஒரே ஒரு காம்பரா மட்டும் இரண்டடி கூடுதல் அகலம். கூடவே ஒரு ஜன்னல். காலை வெயில் நேரே உள்ளே விழும். மற்றதெல்லாம் கதவைச் சாத்தினால் குகை.

எல்லோருக்கும் அதன்மேல்தான் கண். ஆனால் பழைய ஆட்கள்தான் முதலில் பொறுக்கலாம் என்று துரை சொல்லிவிட்டார்.

புருசன் போனபிறகு மூன்று பிள்ளைகளோடு மாட்டுப்பட்டியில் ஒதுங்கியிருந்த அங்கம்மாவுக்குப் பொறுக்கும் வரிசையில் கடைசி இடம். கடைக்குட்டிக்கு மூச்சிழுப்பு. வெயில் படாத ஈரச் சுவருக்குள் இன்னொரு மழைக்காலம் தாங்காது என்று மருந்துக்கார ஐயா கையை விரித்திருந்தார்.

பொறுக்குகிற அன்று காலையில், கதவுகளில் கணபதி கறுப்புப் பெயின்டால் நம்பர் எழுதி வைத்திருந்தார். அகலக் காம்பராவுக்கு எட்டு.

முதல் ஆள் இராமையா. நேரே போய் அந்தக் கதவில்தான் கை வைத்தார்.

“எடுத்துக்க ராமையா. ஆனா எட்டு சனியனோட நம்பர். தெரியும்ல?”

“அதெல்லாம் இந்தக் காலத்துல யாருங்க பாக்குறா?”

“பாக்க வேணாம். கணக்குப் போடு. ரெண்டெட்டு பதினாறு. ஒண்ணையும் ஆறையும் கூட்டு.”

“ஏழு.”

“மூவெட்டு இருபத்திநாலு?”

“ஆறு.”

“நாலெட்டு முப்பத்திரண்டு, அஞ்சு. பாத்தியா? பெருக்கப் பெருக்கத் தேயுது. எட்டெட்டு அறுபத்திநாலு, கூட்டினா பத்து, அதையும் கூட்டினா ஒண்ணு. ஒம்பதை எத்தனை தடவை பெருக்கினாலும் ஒம்பதாவே நிக்கும். எட்டு குடியிருந்த வீட்டுல ஆளு, ஆடு, கோழி எல்லாம் இப்படித்தான்.”

இராமையா விரல் விட்டு எண்ணினார். விரல் போதாமல் பக்கத்தில் நின்ற நல்லையாவின் விரலையும் வாங்கி எண்ணினார். கதவிலிருந்து கை தானாக இறங்கியது.

“எனக்கு அஞ்சு போதுங்க. அஞ்சுதான் நமக்கு ராசி.”

அடுத்த பத்துப் பேரும் எட்டுப் பக்கம் தலை வைக்கவில்லை. மிஞ்சியது எட்டு. மிஞ்சியவள் அங்கம்மா.

அப்போதுதான் இராமையாவுக்கு இரக்கம் பொங்கியது.

கணபதி வெற்றிலையைத் துப்பினார். “சரிப்பா, உன் அஞ்சை அவளுக்குக் குடு. நீ எட்டுக்குப் போ.”

“அது... வீட்டுல வயசாளி இருக்குங்க...” இராமையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். கூட்டமும் கலைந்தது.

அங்கம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“எங்கிட்டத் தேயறதுக்கு என்னங்க இருக்கு? சாவியக் குடுங்க.”

மூன்று வருசம் ஓடிவிட்டது. அந்தக் கடைக்குட்டி இப்போது மலையில் ஆட்டைத் துரத்துகிறது. ஆட்டுக்குத்தான் மூச்சு வாங்குகிறது. இராமையா மட்டும் கணபதியைக் கண்டால் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். “பாவி மனுசன்!”

ஒருநாள் பதுளைக்குப் போகும் வழியில் கணபதியிடம் கேட்டேவிட்டேன்.

“எட்டு நெசமாவே தேயுமா?”

“தேயும். ஆனா ஒம்பதெட்டு எழுபத்திரண்டு, கூட்டினா ஒம்பது. மறுபடி மேல ஏறிடும். பயத்துல எவனும் அதுவரைக்கும் எண்ணல.”

“அந்தக் காம்பராவுக்குப் போய் எட்டு விழுந்துச்சே, அது அவ அதிஷ்டம்.”

“விழல. எல்லா லயத்துக்கும் ரோட்டுப் பக்கமிருந்துதான் நம்பர் போடுவோம். இதுக்கு மட்டும் மலைப் பக்கமிருந்து போட்டேன். முறையா எண்ணினா அவளோடது அஞ்சு.”

பன்னிரண்டு கதவையும் மனசுக்குள் ஒருமுறை திருப்பி எண்ணிப் பார்த்தேன்.

“அப்படின்னா, ராமையாவோட அஞ்சு?”

கணபதி உதட்டில் விரலை வைத்தார்.

“சத்தம் போடாதீங்க. மனுசன் மூணு வருசமா எட்டுல நிம்மதியாத் தூங்குறான்.”