தார்ச்சாலை முடியும் இடம்

சின்னவள் பெயர்தான் சட்டென்று வந்தது. மனதுக்குள் வந்ததை யாராவது பார்த்துவிட்டார்களோ என்று பயந்தவள்போல் சாருமதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொல்லிமலைச் சரிவெங்கும் மேகம் இறங்கியிருந்தது.

தார்ச்சாலை முடிந்ததும், ஓட்டுநரில்லாமல் தானே ஓடும் அந்த வண்டி நின்றுவிட்டது. இனி அருவி வரைக்கும் கரடுமுரடான பாதை. வண்டி உருண்டால் எந்தக் குழந்தையை முதலில் காப்பாற்ற வேண்டும் என்று அப்பா, அம்மா இருவரும் சொன்னால்தான் அது நகரும். திரையில் இரண்டு மகள்களின் முகமும் தெரிந்தது.

"சும்மா ஒரு பேச்சுக்குத்தான், சாரு. நான் கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணை அமுக்கிட்டேன். நீயும் அமுக்கு," என்றான் கணவன் பரணி.

"என்னைத்தானேம்மா? அக்கா குண்டு, உருண்டாலும் அடிபடாது!" என்று சிரித்தாள் சின்னவள் ஆதிரை.

பெரியவள் நறுமுகை வழக்கம்போல் தங்கையைக் கிள்ளவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆதி பேரையே சொல்லும்மா. எனக்கு ஒண்ணுமில்ல."

அந்தக் குரலில் கோபமில்லை. எப்போதோ தெரிந்துகொண்டதைச் சொல்வதுபோல் இருந்தது.

சாருமதி திரையை நோக்கி நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

"நான் சொல்லமாட்டேன்," என்றாள் மெதுவாக. "வண்டியைத் திருப்புங்க."