சிவப்பு விளக்கில் ஒரு பேரீச்சம்பழம்

நோன்பு திறக்கும் பாங்குக்கு இன்னும் ஒரு நிமிடம். சிவப்பு விளக்கைத் தாண்டிப் பாய்ந்த எங்கள் கார் முச்சந்தியில் கிறீச்சிட்டு நிற்கிறது. முன்னால், வண்டியில் போகிறவர்களுக்குத் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொடுத்துக்கொண்டிருந்த தையல்காரர், கழுத்தில் அளவு நாடாவோடு தரையில் கிடக்கிறார். முழங்காலில் இரத்தம். டயரில் நசுங்கிய பழங்கள் கறுப்பாகப் பிசுபிசுக்கின்றன. சிந்திய தண்ணீரில் மாலை வெயில் மினுங்குகிறது. என் கணவர் இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்குகிறார். "பாத்து நிக்கக் கூடாதா பாய்? நோம்பு தொறக்க நேரமாச்சுல்ல!" தையல்காரரின் உதடும் நோன்பில் வெடித்துத்தான் கிடக்கிறது. "யாரும் அவசரத்துல வேகமா போயிடக் கூடாதுன்னுதாண்ணே இதையே குடுக்குறோம்" என்று, கார்க் கதவோரம் நகர்ந்து வந்து உட்கார்ந்து, நசுங்காத ஒரு பழப் பொட்டலத்தை மேலே நீட்டுகிறார். பாங்கு ஒலிக்கிறது. என் கணவர் கை நீட்டுகிறார். கொஞ்சமும் கூசாமல் வாங்கிக்கொள்கிறார். பிஸ்மி சொல்லி, கண்ணை மூடி, பக்தியோடு மெல்லுகிறார்.  நான் என் பக்கத்துக் கதவைத் திறக்கிறேன். "எங்க எறங்குற? வீட்டுல எல்லாரும் காத்துட்டிருக்காங்க" என்றபடியே கொட்டையை வெளியே துப்புகிறார். அது தையல்காரரின் முழங்காலில், இரத்தத்தில் ஒட்டிக்கொள்கிறது.